நடு ஆற்றில் மூன்று பேர்

வெஸ் டாக்கெட் எங்கள் பண்ணை மேனேஜரின் செவலைக் குதிரையைத் திருடிக்கொண்டு போய்விட்டான் என்ற செய்தி வந்தபோது நான் கன்றுகளுக்குச் சூடு போட்டுக்கொண்டிருந்தேன். கையில் பழுக்கக் காய்ந்த சூடுகோல், முழங்காலுக்கடியில் அலறுகிற கன்று. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் கன்றை விட்டுவிட்டு எழுந்தேன். வயோமிங்கில் ஆளைக் கொன்றவன்கூட நல்ல வக்கீல் கிடைத்தால் தப்பித்துக்கொள்வான். குதிரை திருடியவனுக்கு வக்கீல் தேவைப்படாது. ஒரு மரமும் ஒரு கயிறும் போதும்.

நானும் வெஸ்ஸும் ஆறு வருஷம் ஒரே பண்ணையில் மாடு ஓட்டினவர்கள். ஒரே தணலில் காப்பி காய்ச்சி, ஒரே கித்தானுக்குக் கீழே மழைக்கு ஒண்டிக்கொண்டவர்கள். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தேழாம் வருஷக் குளிர்காலம் எங்களைப் பிரித்தது. அந்தக் குளிரில் மாடுகள் நின்றது நின்றபடி செத்தன. பனி உருகியதும் ஓடைகளில் தண்ணீருக்குப் பதில் தோலும் எலும்பும் மிதந்தன. மாடே இல்லாத பண்ணைக்கு இத்தனை ஆள் எதற்கு என்று பண்ணையை நடத்திய கம்பெனி பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. வீடு என்று ஒன்று எங்களில் யாருக்கும் கிடையாது. வெஸ் போனான், நான் தங்கினேன். அவனைவிட நான் எதிலும் ஒசத்தி இல்லை. மேனேஜர் பெயர்களை வாசித்தபோது ஓரின் பீல் என்கிற என் பெயர் மறுபாதியில் இருந்தது, அவ்வளவுதான்.

போனவன் யூட்டா எல்லைப் பக்கம் இருக்கிற செங்குத்துப் பள்ளத்தாக்குகளில் பதுங்கி வாழ்கிற கூட்டத்தோடு சேர்ந்துகொண்டான். அங்கே ஒரு மாநிலத்துக் குதிரையை இன்னொரு மாநிலத்தில் விற்பார்கள். ஒரு ஷெரீஃப் துரத்தினால் எல்லையைத் தாண்டி நின்று கையசைப்பார்கள். ஒரு வருஷம் அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த ஜூன் மாதத்தில் பட்டப்பகலில் மேனேஜரின் லாயத்துக்கு வந்து, கென்டக்கியிலிருந்து ரயிலில் வரவழைத்த அந்தப் பெட்டைக் குதிரையைச் சேணம் பூட்டி, சமையல்காரனுக்குத் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

கம்பெனியின் துப்பறியும் ஆள் ஹோபர்ட் கிரைஸ் உடனே ஆள் சேர்த்தான். ஐந்து பேர் ஆனதும் என்னைப் பார்த்தான்.

"நீ அவன் கூட்டாளிதானே? எங்க போவான்னு உனக்குத் தெரியும். வா."

தெரியும். கிரீன் ஆற்றைத் தாண்டுகிற எவனும் லெட்டி மார்ஷின் தோணித்துறைக்குத்தான் போயாக வேண்டும். அங்கே ஆற்றைக் கடந்து தெற்கே மூன்று மைல் போனால் யூட்டா. கிரைஸ் என் சட்டையில் சட்டத்தின் ஆள் என்பதற்கான ஒரு வெள்ளி பேட்ஜைக் குத்தினான். வெஸ்ஸை உயிரோடு கொண்டுவரத்தான் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. அவன் லெட்டியிடம் போகிறான், நான் இங்கே கன்றுக்குச் சூடு போட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற நினைப்பு என்னைச் சும்மா இருக்க விடவில்லை. அது மறுபாதி.

லெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பன் நிமோனியாவில் போன பிறகு கிரீன் ஆற்றின் அந்தத் துறையைத் தனியாக நடத்திக்கொண்டிருந்தவள். இருபத்தெட்டு வயது. நெடுநெடுவென்று உயரம். கயிறு உரசி உரசி உள்ளங்கை சேணத்தோல் மாதிரி ஆகியிருந்தது. ஆற்றுக்குக் குறுக்கே இரும்பு வடம் ஒன்று கட்டியிருக்கும். தட்டையான தோணியை முன்னும் பின்னும் இரண்டு கயிறுகளால் அந்த வடத்தில் பிணைத்திருக்கும். சக்கரத்தைச் சுற்றி முன்கயிற்றைக் குறுக்கினால் தோணி ஓட்டத்துக்குக் கோணலாகத் திரும்பும், திரும்பிய தோணியை ஆறே தள்ளிக்கொண்டுபோய் அக்கரை சேர்க்கும். கேட்க எளிதாக இருக்கும். அவளைத் தவிர வேறு யார் சுற்றினாலும் தோணி முரண்டு பிடிக்கும்.

ஏறுகிறவர்கள் எல்லாரையும் அவள் விசாரிப்பாள். எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, அங்க என்ன இருக்கு, மரம் எப்படி, மழை எப்படி. ஆற்றின் நடுவில் அவர்கள் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் முகம் பசித்தவன் சோற்றுப் பானையைப் பார்ப்பதுபோல இருக்கும். கரை வந்ததும் அவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவள் தோணியைத் திருப்புவாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை மாட்டு மந்தையோடு நாங்கள் அந்த வழியாகப் போவோம். ஒவ்வொரு தடவையும் வெஸ் அவளிடம், "என்னா லெட்டி, என்னோட வர்றியா?" என்பான். காப்பி இருக்கா என்று கேட்பதுபோலக் கேட்பான். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். சொல்ல வேண்டியதெல்லாம் நாலு நாளைக்கு அப்புறம் நாற்பது மைல் தள்ளி, மாட்டு வாலைப் பார்த்துக்கொண்டு போகும்போதுதான் வாய்க்கு வரும்.

நாங்கள் ஆற்றங்கரையை எட்டியபோது காலை பத்து மணி இருக்கும். மலைப் பனி உருகி ஆறு கரைமுட்டி ஓடியது. பழுப்புத் தண்ணீரில் வேரோடு பிடுங்கிய மரங்கள் உருண்டு போயின. தோணி நடு ஆற்றில் நின்றிருந்தது. ஒரு பெரிய மரம் அதன் விலாவில் முட்டி, கிளைகள் கயிற்றில் சிக்கி, தோணியை அசையவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. இரும்பு வடம் வில்லாக வளைந்து, யாரோ முனகுவதுபோல ஓயாமல் சத்தம் கொடுத்தது. தோணியில் மூன்று உருவங்கள்: லெட்டி, வெஸ், கண் பிதுங்கி நிற்கிற செவலைக் குதிரை.

கிரைஸ் துப்பாக்கியைத் தூக்கித் தோளில் வைத்தான். நான் குழலைத் தட்டிவிட்டேன்.

"பொண்ணு நிக்கறா, தெரியல?"

"குதிரைத் திருடனுக்குத் தோணி விட்ட பொண்ணு."

"தோணி விடறதுதான் அவ வேலை. நீ வந்தாலும் விடுவா."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "சரி. அவ்ளோ அக்கறை இருந்தா நீயே போய்க் கூட்டிட்டு வா. ரெண்டு பேரையும். குதிரைக்குக் கீறல் படக் கூடாது."

என் குதிரை பிளம் நன்றாக நீந்தும். கால் மைல் மேலே போய்த் தண்ணீரில் இறங்கினேன். அந்தத் தண்ணீரின் குளிர் இன்னும் என் மூட்டில் இருக்கிறது. இரண்டு தடவை தலை முங்கி எழுந்தேன். தோணி நெருங்கியபோது மேலிருந்து ஒரு சுருக்குக் கயிறு வந்து என் தோளில் விழுந்து இறுகியது. வெஸ் வீசியது. அவன் வீச்சு தப்பி நான் பார்த்ததில்லை. என்னை இழுத்துப் போட்டான். பிறகு மூவருமாகச் சேர்ந்து, சரிவுப் பலகை வழியாக பிளம்மையும் ஏற்றினோம்.

"வாங்க, சட்டம் ஐயா," என்றான் வெஸ். "காலைத் தொடச்சிட்டு உள்ள வாங்க."

"நக்கல் பண்ணாதடா. துப்பாக்கியைக் கீழ போடு."

"கீழ பூரா தண்ணி. துருப் பிடிச்சிரும்."

"வெஸ், நான் வெளையாட்டுக்குச் சொல்லல."

"அது தெரியுது. பல்லு கிடுகிடுன்னு ஆடுதே. இந்தா, என் கோட்டைப் போட்டுக்க மொதல்ல."

போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்ய? லெட்டி எங்கள் இருவரையும் பார்த்து, "கொஞ்சி முடிச்சாச்சா? வடம் அறுந்தா மூணு பேரும் பள்ளத்தாக்குல பொணம். கோடாலி அங்க இருக்கு. மாத்தி மாத்தி வெட்டுங்க" என்றாள்.

வெட்டினோம். ஒருவன் வெட்ட, மற்றவன் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆறு கொண்டுபோய்விடும். என் கயிறு அவன் கையில், அவன் கயிறு என் கையில் என்று மாறி மாறி. அப்படிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசினோம்.

"ஏன்டா இதைப் பண்ணுன?" என்றேன். "வேற குதிரையே கிடைக்கலியா?"

"போன குளிர்காலத்துக்கு முந்தின குளிர்காலம், நம்ம குதிரைங்க பதினாலு செத்துச்சு. ஞாபகம் இருக்கா? உன் பழைய கறுப்பன் என் கண் முன்னாடி விழுந்தான். அன்னிக்கு மேனேஜர் இந்த மகாராணிக்கு லாயத்துல அடுப்பு மூட்டி, ஓட்ஸ் கொதிக்க வச்சு ஊட்டிக்கிட்டு இருந்தாரு. ஒரு வருஷமா அது நெஞ்சுல குத்திக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் காலைல எந்திரிச்சேன், போய் எடுத்துட்டேன்."

"அதுக்காக உசிரைக் குடுப்பியா? என்னோட வா. நான் உன்னைக் கோர்ட்டுல கொண்டு நிறுத்தறேன். கிரைஸ் கையில விடமாட்டேன்."

அவன் கோடாலியை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்த்தான். "அவன் சேணத்துல தொங்கற கயிறு புதுசு, பங்காளி. மாடு பிடிக்கவா புதுக் கயிறு கொண்டாந்திருக்கான்?"

வழியெல்லாம் நானும் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். பார்க்காததுபோல வந்தேன். கோடாலியை அவன் கையிலிருந்து வாங்கினேன்.

லெட்டி சக்கரத்தைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வருவதற்கு முன் வெஸ் அவளிடம் வழக்கம்போல "என்னோட வர்றியா?" என்று கேட்டிருக்கிறான். இந்தத் தடவை அவள், "வந்தா எங்க கூட்டிட்டுப் போவ?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. "பள்ளத்தாக்குல ஒரு குடிசை இருக்கு" என்றானாம். "அதாவது நீ வெளிய சுத்திட்டு வர்ற வரைக்கும் நான் உள்ள உக்காந்திருக்கணும்" என்றாளாம். இதை வெஸ்ஸே பிறகு என்னிடம் சொன்னான்.

நண்பகல் தாண்டிய பிறகு மரம் விட்டுக்கொடுத்தது. பெரிய கிளை முறிந்த சத்தத்தில் செவலை பின்னங்காலில் எழும்பியது. மரம் உருண்டு தோணிக்கடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்து போனது. வடம் வீணைத் தந்திபோல அதிர்ந்து நின்றது. தோணி தானாகத் துள்ளியது. லெட்டி சக்கரத்தைச் சுற்றினாள். முன்முனை மேற்கே திரும்பியது.

"லெட்டி," என்றேன், "நம்ம கரை அந்தப் பக்கம்."

"எங்க அப்பன் விட்டுட்டுப் போன துறை இது. எந்தக் கரைன்னு நான் சொல்லுவேன்."

"அவங்க பாத்துக்கிட்டு இருக்காங்க."

"பாக்கட்டும். நானும் பத்து வருஷமா அதைத்தானே பண்ணிக்கிட்டு இருக்கேன்."

கரையில் கிரைஸ் கத்துவது காதில் விழவில்லை, வாய் திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. வானத்தைப் பார்த்து இரண்டு தடவை சுட்டான். நான் பேட்ஜ் மேல் கைவைத்து நின்றேன். அவளைத் தடுக்க வேண்டும் என்று ஒரு மனம், சீக்கிரம் சுற்று என்று இன்னொரு மனம். வெஸ் என்னைப் பார்க்கவே இல்லை. அவனும் பயந்துதான் இருந்தான். அப்போதுதான் அது எனக்குத் தெரிந்தது.

தோணி மேற்குக் கரையில் இடித்து நின்றது. லெட்டி கயிற்றை முளையில் சுற்றினாள். "மெரண்டுபோயிருக்கு, நான் எறக்கறேன்" என்று செவலையின் கடிவாளத்தைப் பிடித்துக் கரையேற்றினாள். கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். கம்பத்தில் தொங்கிய அப்பனின் தோல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பாவாடையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். நாங்கள் இன்னும் தோணியில் நின்றுகொண்டிருக்கும்போதே சேணத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், ஏய்," என்றான் வெஸ். "அது என் குதிரை."

"உன்னுதா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"இங்க பாருங்க ரெண்டு பேரும்," என்றாள். "வெஸ், நீ வருவ, வர்றியாம்ப, நான் யோசிக்கறதுக்குள்ள தூசியைக் கெளப்பிட்டுப் போயிருவ. ஓரின், நீ தொப்பியைச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நிப்ப. அதுக்குள்ள என்னதான் எழுதியிருக்கோ! நீயும் போயிருவ. கரையில நிக்கறது மட்டும் எப்பவும் நான். எனக்குப் போதும்."

"எங்க போற?" என்றேன். கடைசியில் வாயிலிருந்து வந்தது அதுதான்.

"தண்ணி போற எடம் எல்லாத்தையும் கேட்டு வச்சிருக்கேன். ஏதாவது ஒண்ணைப் பாக்கறேன்."

"அந்தக் குதிரையில போனா உன்னையும் தேடுவாங்க."

"தேடட்டும். என்னை இதுவரைக்கும் யாரும் தேடுனதில்ல."

குதிகாலால் ஒரு தட்டு. கென்டக்கிக் குதிரை என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். சரளைமேட்டில் ஏறி, புதர்களுக்கு மேலாக ஒரு சிவப்புக் கோடு போலப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வெஸ் தோணியின் விளிம்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவங்க மேல போய் நீந்தி வந்துருவாங்களா?" என்றான்.

"கிரைஸுக்கு நீச்சல் தெரியாது. இந்தத் தண்ணியில மத்தவங்களும் எறங்கமாட்டாங்க."

"அப்ப?"

பிளம்மின் கடிவாளத்தை அவன் கையில் வைத்தேன். அதைவிடப் பெரிய பேச்சு எதுவும் எங்களுக்குள் நடக்கவில்லை. அவன் ஏறியதும் துப்பாக்கியை எடுத்து என் நெஞ்சுக்கு நேராக நீட்டினான். "கையைத் தூக்கு, பங்காளி. அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கான். பறிச்சுக்கிட்டுப் போனதா சொல்லிக்க." தூக்கினேன். "இடது முன்னங்கால் லாடம் தளர்ந்திருக்கு, பாத்துப் போ" என்றேன். தெற்கே போனான்.

குதிரையும் இல்லாமல், அவளும் இல்லாமல், அவனும் இல்லாமல் நான் அந்தத் தோணியோடு நின்றேன். மந்தைக்குப் பின்னால் அலைந்து, ஒரே இடத்தில் மூன்று நாள் தொடர்ந்து தங்கிப் பழகாதவன் நான். தோணியை மறுகரைக்குக் கொண்டுபோக எனக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. தெரியாமல் திணறினேன் என்றுதான் கிரைஸிடம் சொன்னேன். அது நிஜம்தான். ஆனால் தெரிந்திருந்தாலும் மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும். அவன் என் சட்டையிலிருந்து பேட்ஜைப் பிய்த்ததில் துணியும் கிழிந்தது. வேலை அன்றைக்கே போயிற்று. அவர்கள் கடந்துபோய், எல்லைவரை தேடிவிட்டு, மறுநாள் வெறுங்கையோடு திரும்பினார்கள். திரும்பும்போதும் நான்தான் தோணி விட்டேன்.

ஒரு வாரம் தங்கி, அவள் வந்தால் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஒரு வருஷமாயிற்று. துறையை அப்படியே விட்டுப்போக மனம் வரவில்லை. வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. அங்கே என்னால் தூங்க முடிந்ததில்லை, இரண்டு கரைக்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருப்பதுபோல இருக்கும். ஏறுகிறவர்களிடம் எங்கிருந்து, எங்கே என்று கேட்க ஆரம்பித்தேன். முதலில் அவளைப் பற்றித் துப்புக் கிடைக்குமா என்றுதான் கேட்டேன். போகப்போகச் சும்மாவே கேட்டேன். அவர்கள் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டிப் போகும்போது, தூசி அடங்கும்வரை கரையிலேயே நிற்பேன். இதைத்தான் அவள் பத்து வருஷம் விழுங்கியிருக்கிறாள்.

அந்த வருஷத்தில் இரண்டு செய்திகள் வந்தன. லெட்டி ரயில் பாதையை எட்டியதும் செவலையை ஒரு ஸ்டேஷன் லாயத்தில் கட்டிவிட்டு, சேணத்தில் மேனேஜர் பெயருக்கு ஒரு சீட்டுக் குத்திவிட்டுப் போயிருந்தாள்: "நல்ல குதிரை. வெளியே விடுங்கள், அதற்கு ஓடப் பிடிக்கிறது." குதிரை திரும்பி வந்ததால் கம்பெனி வழக்கைக் கைவிட்டது. வெஸ்ஸைப் பற்றி, ஊர் ஊராகச் சாமான் விற்கிற ஒருவன் சொன்னான். அவன் அரிசோனாவில் ஒரு மெக்சிகோக்காரக் குடும்பத்தில் பெண் எடுத்து ஆடு மேய்க்கிறானாம். மாட்டுக்காரனாக இருந்தவன் ஆடு மேய்ப்பதைவிடத் தூக்கில் தொங்கலாம் என்று சொன்னவன் அவன். அவன் உயிரோடு இருக்கிறான் என்று அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறு ஜூலையில் லெட்டியின் கடிதம் வந்தது. ஆரெகானில், கொலம்பியா ஆறு கடலில் கலக்கிற அஸ்டோரியா என்ற ஊரிலிருந்து. மீன் டப்பியில் அடைக்கிற ஆலையில் வேலை பார்ப்பதாக எழுதியிருந்தாள். "கடல் நான் நினைத்ததுபோல இல்லை. நினைத்ததைவிடச் சத்தம். துறையை நீ நடத்துவதாக ஒரு வண்டிக்காரர் சொன்னார். சிரித்தேன். அப்புறம் அழுதேன். வர வேண்டும் என்று தோன்றினால் வா. நான் காத்திருக்கமாட்டேன். அது எனக்கு இனி வராது."

மறுநாள் காலை, கடக்க வந்த மார்மன் சபையைச் சேர்ந்த ஒரு தம்பதியிடம், ஒரு குதிரைக்குப் பதிலாகத் துறையைக் கைமாற்றிவிட்டு, சக்கரத்தை எப்படிச் சுற்றுவது என்று காட்டிவிட்டுக் கிளம்பினேன். அஸ்டோரியாவுக்குப் போனால் அவள் மூன்று வாரத்துக்கு முன் வடக்கே போய்விட்டாள் என்றார்கள். வடக்கே போனால் அங்கேயும் இல்லை. போர்ட் டவுன்சென்ட் துறைமுகத்தில் ஒரு நீராவிப் படகின் தளத்தில், ஆண்களின் பூட்ஸ் போட்டுக்கொண்டு கயிறு வீசிக்கொண்டிருந்தவளைக் கடைசியில் பார்த்தேன். கைக்கு முதலில் வந்தது தொப்பிதான். அதைப் பக்கத்தில் இருந்த பீப்பாய் மேல் வைத்துவிட்டு நடந்து போனேன்.

"லெட்டி, என்னைக் கட்டிக்கறியா?"

அவள் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தாள். "எட்டு வருஷம் ஆச்சுய்யா உனக்கு அதைச் சொல்ல."

"வழி தூரம்."

"படகு இன்னும் பத்து நிமிஷத்துல கெளம்புது. ஏறு. பதில் அங்க போய்ச் சொல்றேன்."

எங்கே போகிறது என்று கேட்காமல் ஏறினேன். அடுத்த மாதம் கனடாவின் விக்டோரியாவில் கல்யாணம் நடந்தது. இந்த ஒன்பது வருஷத்தில் பதினோரு ஊரில் இருந்துவிட்டோம். சில ஊர்களில் நான் முதலில் மூட்டை கட்டினேன், பல ஊர்களில் அவள். சண்டை வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போவோம், தெருமுனையில் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொள்வோம். நேற்று, வடக்கே பனி நாடான யூகானிலிருந்து தங்கத்தோடு ஒரு கப்பல் வந்திறங்கியது. லெட்டி அதைக் காலையில் பார்க்கப் போனவள் இன்னும் திரும்பவில்லை. தங்கத்தைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. அங்கே மரம் எப்படி, மழை எப்படி என்று யாரையாவது நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். நான் அடுப்பில் பீன்ஸை வேகவைத்துவிட்டு, கம்பளிகள் எத்தனை இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.